செஞ்சிலுவையில் பதிந்தது ஜெனீவாவுக்குப் போகுமா?

அக்கா, காணாமல் ஆக்கப்பட்ட தம்பியின் விபரத்தைப் புதுக்குடியிருப்பில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் (ஐ.சி.ஆர்.சி.) பதிந்தும் ஐநாவின் ஜெனீவா மனித உரிமை அறிக்கையில் ஒரு வரிகூட வரவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். வராது. ஐ.சி.ஆர்.சி. எடுக்கும் விபரம் இரகசியமானது. அந்த உறுதியை நம்பித்தான் சிறைக்குள்ளும் சண்டை நடக்கும் இடத்துக்குள்ளும் அவர்களை விடுகிறார்கள்.

ஐநாவில் வேறு கதவுகள் இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய செயற்குழுவுக்குக் குடும்பமே நேரே படிவம் அனுப்பலாம். ஆனால் அதை அவர்கள் அரசாங்கத்துக்கு அனுப்பித்தான் பதில் கேட்பார்கள், அதை யோசித்துச் செய்யுங்கள். மற்றது ஐநா மனித உரிமை ஆணையாளர் அலுவலகம். 2021 மார்ச்சில் ஐநா மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றி வந்த 46/1 தீர்மானத்தின்படி சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கிறார்கள், வெளிநாட்டு வழக்குகளுக்கு உதவவும் இடமுண்டு. யாருடன் எதைப் பகிரலாம் என்று உங்கள் சம்மதம் கேட்பார்கள். எனக்கென்றால் முதலில் இந்த அலுவலகத்துக்குக் கொடுப்பதுதான் சரி.

கிளிநொச்சிக்கு வந்து கதைத்துவிட்டுப் போகும் தூதரக ஆட்கள் எழுதுவது தங்கள் வெளியுறவு அமைச்சுக்கு. அது வழக்குப் பதிவு அல்ல, பாவம், சனம் அப்படித்தான் நினைக்கிறது.

தம்பிக்கு நடந்ததை எழுதும்போது "வட்டுவாகலில் கையளித்தோம்" (2009இல் போர் முடியும்போது சனம் இராணுவத்திடம் போன முல்லைத்தீவுப் பாலமடி) என்று மட்டும் விடாதீர்கள். பாலத்தின் எந்தப் பக்கம், என்ன நேரம், பஸ்ஸில் ஏற்றினார்களா, கூட நின்று கண்டவர் யார் என்று எழுதுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே போடுங்கள். உங்களிடமுள்ள ஆவணங்களின் மூலப்பிரதியை யாருக்கும் கொடுக்க வேண்டாம், போட்டோக் கொப்பி போதும்.