கோன்களைத் தாண்டுகிறோம், ஆளைத் தாண்ட முடியவில்லையே!

கேள்வி: தாம்பரம் பக்கத்தில் உள்ள ஒரு கல்லூரியின் மகளிர் கூடைப்பந்து அணிக்கு நான் கேப்டன். எங்களிடம் நல்ல ஷூட்டர்கள் இரண்டு பேர் உண்டு. மாஸ்டர் சொல்லிக்கொடுத்த செட் பிளே (முன்பே வகுத்த நகர்வுகள்) ஓடும் வரை சமாளிக்கிறோம். எதிரணி அதைக் கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் டிரிபிள் செய்து, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே, தன் ஆளைத் தாண்டி உள்ளே போக யாராலும் முடிவதில்லை. பந்து வெளியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, கடைசியில் யாராவது அவசரமாக எறிகிறோம். தினமும் அரை மணி நேரம் கோன் வைத்து டிரிபிள் பயிற்சி செய்கிறோம், பலனில்லை. போட்டிக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. வேகமான ஒரு புது பாயிண்ட் கார்டு (பந்தை மேலே கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) வந்தால்தான் இது தீருமா?

பதில்: வேண்டாம். புது ஆளைத் தேடி அலையாதீர்கள். உங்கள் குறை டிரிபிளில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டிரிபிள் தொடங்குவதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை உங்கள் அணியில் நடக்கவில்லை.

"பந்து வெளியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சுற்றும்போது ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். பந்தைப் பிடிக்கிறார், நிறுத்துகிறார், சுற்றிப் பார்க்கிறார், பிறகு யோசிக்கிறார். அந்த ஒன்றிரண்டு வினாடியில் எதிரில் இருப்பவர் காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, தயாராகிவிடுகிறார். அப்படித் தயாராக நிற்கும் ஆளைத் தனியாகத் தாண்டுவது சர்வதேச வீராங்கனைகளுக்கே கஷ்டம். ஓடி வந்துகொண்டிருக்கும் ஆளையோ, ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட ஆளையோ தாண்டுவது வேறு விஷயம். இரண்டே இரண்டு டிரிபிள் ஒழுங்காகப் போடத் தெரிந்த எவராலும் அது முடியும். எதிராளியை அந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பந்து தரையில் பட வேண்டும்.

இதற்கு முதலில் பார்க்க வேண்டியது பந்து இல்லாத நான்கு பேரை. கைபேசியில் அமெரிக்காவின் என்பிஏ தொழில்முறை ஆட்டங்களைப் பார்த்து, ஒருவர் டிரிபிள் செய்ய மற்றவர்கள் ஒதுங்கி நிற்பதை அப்படியே செய்து பார்க்கும் அணிகள் நிறைய. அங்கே ஒரு விதி இருக்கிறது: யாரையும் நெருங்கிக் காவல் காக்காத டிஃபெண்டர் (தடுப்பவர்) பெயிண்டுக்குள், அதாவது ரிங்குக்கு முன்னால் கோடு போட்டிருக்கும் பகுதிக்குள், 3 வினாடிக்கு மேல் நிற்கக்கூடாது. நாம் ஆடும் ஃபிபா (சர்வதேச கூடைப்பந்து சம்மேளனம்) விதிகளில் அந்தத் தடை கிடையாது. எதிரணியின் உயரமான பெண் ரிங்குக்கு அடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அவரை அங்கிருந்து கிளப்ப விசில் உதவாது. உங்கள் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் உதவும். உங்கள் அணியில் இரண்டு பேர் ரிங்குக்குப் பக்கத்திலேயே நின்றால், அவர்களைக் காக்கும் இரண்டு பேரும் அங்கேதான் இருப்பார்கள். வாசலிலேயே கூட்டம் நிற்கும் பேருந்தில் ஏறுகிற கதைதான்.

இங்கே உங்கள் கோர்ட்டையும் ஒரு முறை அளந்து பார்க்கச் சொல்கிறேன். 2010-ல் ஃபிபா மூன்று புள்ளிக் கோட்டை 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளியது. பெயிண்டின் வடிவமும் அப்போதுதான் சரிவகத்திலிருந்து செவ்வகமானது. பழைய சிமெண்ட் கோர்ட்டில் இன்னும் பழைய கோடுதான் இருக்கிறது என்றால், நீங்கள் தினமும் அரை மீட்டர் நெருக்கமாக நின்று பழகுகிறீர்கள். ஒரு டிஃபெண்டருக்கு அரை மீட்டர் என்பது உதவிக்கு ஓடிவந்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்பிப் போகும் தூரம். எண்ட் லைனின் உள் விளிம்பிலிருந்து 1.575 மீட்டர் உள்ளே வந்தால் ரிங்கின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே இருப்பீர்கள். அங்கிருந்து 6.75 மீட்டர் கயிறு பிடித்து சாக்பீஸால் வளைவு வரையுங்கள். கார்னரில் மட்டும் கோடு நேராக வரும், சைடு லைனிலிருந்து 0.90 மீட்டர் தள்ளி. ஒரு மாலை வேலைதான்.

கோடு சரியானதும், ஐந்து பேரும் அதற்கு ஓரடி வெளியே, ஒருவருக்கொருவர் 4.5 முதல் 5 மீட்டர் இடைவெளியில் நில்லுங்கள். இரண்டு கார்னர்களிலும் ஆள் இருக்க வேண்டும். கார்னரில் நிற்கும் பெண் பந்து வராத நேரத்தில் உள்ளே நகர்ந்து வருவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அவர் அங்கேயே நிற்பதும் ஆட்டம்தான் என்பதைக் கேப்டனாக நீங்கள்தான் அவருக்குப் புரியவைக்க வேண்டும். நல்ல ஷூட்டர் இருவரையும் பந்து இருக்கும் பக்கமே குவிக்காதீர்கள். ஒருவர் எதிர்ப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கத்து டிஃபெண்டர் உதவிக்கு வரத் தயங்குவார்.

சரி, இப்போது தாண்டுவதற்கு வருவோம். பந்து ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வேகமாகப் போகும்போது, அங்கே உங்களைக் காப்பவர் உள்ளேயிருந்து உங்களை நோக்கி ஓடி வருவார். அந்தக் கணத்தில் அவருடைய உடல் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. எந்தக் காலை முன்னால் வைத்து நிற்கிறாரோ, அந்தப் பக்கமாகப் போங்கள். அந்தக் காலைப் பின்னால் இழுத்துத் திரும்பிய பிறகுதான் அவரால் உங்கள் பின்னால் வர முடியும். முதல் அடி நீளமாக, அவருடைய இடுப்பை உங்கள் தோள் உரசிக்கொண்டு போகும் அளவுக்கு நெருக்கமாக இருக்கட்டும். அவரைச் சுற்றி வட்டம் போட்டுப் போகாதீர்கள், ரிங்கைப் பார்த்து நேர்கோட்டில் போங்கள். ஷூட் செய்வதா, போவதா, பாஸ் கொடுப்பதா என்ற முடிவு பந்து கையில் விழும்போதே இருக்க வேண்டும். பந்து காற்றில் வரும்போதே தன் டிஃபெண்டர் எங்கே என்று ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பிவட் கால் (ஊன்றித் திரும்பும் கால்) தரையை விட்டு எழுவதற்கு முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். நம் பிள்ளைகள் டிராவலிங் (பந்தோடு விதி மீறி அடி எடுத்து வைப்பது) வாங்கும் இடம் பெரும்பாலும் இதுதான். ஓடிக்கொண்டே பந்தை வாங்கினால் கொஞ்சம் சலுகை உண்டு: இரண்டாவது அடி விழுவதற்கு முன் பந்தைத் தரைக்கு விட்டால் போதும். டிரிபிளில் பெரிய கில்லாடிகள் இல்லாத அணிக்கு இந்த விதி ஒரு வரம். அதனால்தான் ஸ்க்ரீனை (டிஃபெண்டரின் வழியை மறித்து நிற்பது) விட ஹேண்ட் ஆஃபை (கையிலிருந்து கைக்குப் பந்து மாற்றுவது) நான் உங்களுக்கு முதலில் சிபாரிசு செய்கிறேன்.

அது இப்படி. உங்கள் உயரமான வீராங்கனை நடுவில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு அருகே பந்தை வாங்குகிறார். பக்கவாட்டில் நிற்கும் ஷூட்டரை நோக்கி ஒன்றிரண்டு டிரிபிளில் நகர்கிறார். ஷூட்டர் முதலில் கார்னர் பக்கம் ஓரடி எடுத்து வைத்து, சட்டென்று திரும்பி, உயரமானவரின் உடம்பை ஒட்டிக்கொண்டு ஓடிவந்து கையிலிருந்தே பந்தை எடுத்துக்கொள்கிறார். ஷூட்டர் என்பதால் அவருடைய டிஃபெண்டர் இடைவெளி விடாமல் துரத்தி வருவார், வந்தால் அவர் பின்னால்தான் இருக்கிறார். ஷூட்டர் வேகத்தைக் குறைக்காமல் வளைந்து பெயிண்டுக்குள் நுழையலாம். டிஃபெண்டர் பின்தங்கி, மறுபக்கமாகச் சுற்றி வந்தால் அங்கேயே நின்று ஷூட் செய்யலாம். முன்கூட்டியே குறுக்கே பாய்ந்தால், பந்து வாங்காமல் பின்பக்கமாக ரிங்குக்கு வெட்டி ஓடலாம். பந்தைக் கொடுத்த உயரமானவர் உடனே திரும்பி ரிங்கை நோக்கிப் போக வேண்டும். இரண்டு டிஃபெண்டர்களும் ஷூட்டரிடம் வந்துவிட்டால் அவருக்கு ஒரு பவுன்ஸ் பாஸ் போதும். கொடுக்கிற நேரத்தில் அவர் அசையாமல் நிற்பது முக்கியம், நகர்ந்துகொண்டே இடித்தால் நடுவர் ஃபவுல் ஊதுவார்.

உயரமானவர்களை டிரிபிள் செய்யவே விடாமல் ரிங்குக்கு அடியில் நிறுத்தி வளர்ப்பது நம் பள்ளி அணிகளின் பழைய பழக்கம். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. எட்டாம் வகுப்பில் உயரமாக இருந்த ஒரே காரணத்துக்காக ஒரு பெண் கல்லூரிக்கு வரும் வரை பந்தைத் தரையில் தட்டாமலேயே வந்து சேர்கிறாள். இந்த இரண்டு மாதத்தில் அவளுக்கு ஒன்றிரண்டு டிரிபிள் நம்பிக்கையோடு போடக் கற்றுக்கொடுத்தாலே உங்கள் தாக்குதல் மாறிவிடும்.

உள்ளே போய்விட்டால் என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். கல்லூரி அணிகளில் டிரைவ் (டிரிபிள் செய்து ரிங்கை நோக்கிப் பாய்வது) கெடுவது தாண்டும் இடத்தில் அல்ல, முடிக்கும் இடத்தில். ஆளைத் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு லேஅப்புக்கு (ரிங்குக்கு அருகே ஓடிப்போய் பந்தைப் போடுவது) பாய்கிறார்கள், நிற்கும் உயரமானவர் மேல் மோதி சார்ஜிங் ஃபவுல் வாங்குகிறார்கள். பெயிண்டுக்குள் இரண்டு காலையும் ஊன்றி நிற்கப் பழகுங்கள். நின்றால் ஷூட் செய்வதுபோல் ஒரு போலி அசைவு காட்டலாம், பிவட் செய்யலாம், கார்னருக்கு பாஸ் கொடுக்கலாம். அந்த பாஸ் வாங்குபவரை நோக்கி இன்னொரு டிஃபெண்டர் ஓடி வருவார். மேலே சொன்ன அதே சந்தர்ப்பம் மறுபடி கிடைக்கிறது, இந்த முறை இன்னும் எளிதாக. முதல் டிரைவ் கூடை போடுவதற்காக என்று நினைக்க வேண்டியதில்லை. இரண்டாவது டிரைவுக்கு வழி திறந்தாலும் அது தன் வேலையைச் செய்துவிட்டது.

நிற்கும்போது முழங்கால் மடங்கி, பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும், உள்பக்கம் சாயக்கூடாது. முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது ஆண்களை விடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகம். திடீரென்று நிற்கும்போதும் திரும்பும்போதும்தான் அது பெரும்பாலும் நடக்கிறது. முதல் வாரம் மெதுவாக நின்று பழகுங்கள், வேகம் பிறகு வரட்டும். அதிகாலைப் பனி ஈரமோ மழை ஈரமோ இருக்கும் சிமெண்ட் தரையில் இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் கூரையுள்ள இடத்தில் பாஸ் வேலை, முழங்கால், இடுப்புக்கான வலுப்பயிற்சி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கோன்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோன் நகராது, கை நீட்டாது, ஏமாறவும் செய்யாது. வார்ம் அப்பில் ஐந்து நிமிடம் போதும், அதிலும் பலவீனமான கைக்கு முன்னுரிமை கொடுங்கள். மீதி நேரத்தில் ஒருவருக்கு ஒருவர் ஆடுங்கள், ஆனால் சமமாகத் தொடங்காதீர்கள். டிஃபெண்டர் ரிங்குக்கு அடியிலிருந்து பந்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடி வரட்டும். வாங்குபவருக்கு இரண்டு டிரிபிள்தான். இதில் நன்றாக வந்த பிறகு மூன்றுக்கு மூன்று. 3x3 ஆட்டத்தில் 12 வினாடிதான் ஷாட் கிளாக் (ஷூட் செய்வதற்கான கெடு), அதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஐந்துக்கு ஐந்து ஆடும்போது ஒரு நிபந்தனை: பந்து ஒரு முறையாவது பெயிண்டைத் தொடாமல் போட்ட கூடை செல்லாது. முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். அப்புறம் எல்லோரும் தானாகவே உள்ளே போக வழி தேடுவார்கள்.

கடைசியில் அவசரமாக எறிகிறோம் என்றீர்களே, அதற்குக் கடிகாரமும் ஒரு காரணம். ஒரு தாக்குதலுக்குக் கிடைக்கும் 24 வினாடியில் பாதிக் கோர்ட்டைத் தாண்ட 8 வினாடி வரை விதி அனுமதிக்கிறது. அதை முழுவதும் நடந்தே கழித்து, இரண்டு பாஸ் போட்டு, செட் பிளேயைத் தொடங்கினால் மிச்சம் 12 வினாடி. அது உடைந்தால் 5 வினாடி. 5 வினாடியில் யாருக்கும் யோசனை வராது. நாலைந்து வினாடியில் பந்து எதிர்ப் பாதியில் இருக்க வேண்டும், 18 இருக்கும்போது முதல் நகர்வு தொடங்க வேண்டும். பயிற்சியில் ஷாட் கிளாக் இல்லையென்றால் ஒருவர் உரக்க எண்ணட்டும். பிளே உடைந்தால் என்ன செய்வது என்பதும் முன்பே முடிவாகியிருக்கட்டும்: பந்து உயரமானவருக்கு, பக்கத்து ஷூட்டரோடு ஹேண்ட் ஆஃப்.

உள்ளே போகும் அணிக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஒரு குவார்ட்டரில் எதிரணி 4 ஃபவுல் செய்துவிட்டால், அடுத்ததிலிருந்து, ஷூட் செய்யாதவர் மேல் ஃபவுல் செய்தாலும் உங்களுக்கு 2 ஃப்ரீ த்ரோ. குவார்ட்டரின் தொடக்கத்திலேயே டிரைவ் செய்யச் சொல்வது இதற்காகவும்தான். களைத்துப்போன பிறகு ஃப்ரீ த்ரோ பழகுங்கள், காலையில் வந்ததும் அல்ல.

உங்கள் பாயிண்ட் கார்டை மாற்ற வேண்டாம் என்று மீண்டும் சொல்கிறேன். பந்தை மேலே கொண்டுவந்து சரியான இடத்தில் கொடுத்தால் அவர் கடமை முடிந்தது. முதல் மூன்று வாரம் டர்ன் ஓவர் (பந்தைப் பறிகொடுப்பது) அதிகமாகத்தான் செய்யும். அதற்காகப் பயிற்சி ஆட்டத்தில் யாரையும் வெளியே உட்காரவைக்காமல் இருக்கும்படி மாஸ்டரிடம் முன்பே பேசிவிடுங்கள். உட்கார்ந்திருக்கும் ஜூனியர் ஒருவர் கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள். ஒவ்வொரு தாக்குதலிலும் பந்து பெயிண்டைத் தொட்டதா, தொட்டபின் லேஅப்பா, ஃபவுலா, வெளியே பாஸா, பந்து பறிபோனதா என்று மட்டும் குறிக்கட்டும். நான்கு பயிற்சி ஆட்டங்கள் முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். உள்ளே போகாததுதான் குறையா, போய் முடிக்காததா என்று அதைப் பார்த்து எழுதுகிறேன்.