எக்ஸ் வந்தால் திணறும் பிள்ளைக்கு அல்ஜீப்ரா எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் கூட்டல், பெருக்கல் எல்லாம் நன்றாகப் போடுகிறாள், எக்ஸ் வந்தால் மட்டும் திணறுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். காட்பாடியில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று சொல்லித் தராதீர்கள். அது குறுக்குவழி, தப்பில்லை. ஆனால் 3க = 15 என்று வந்ததும், அதே விதியை நம்பி ஒரு பிள்ளை 15 − 3 என்று எழுதும்; இன்னொன்று 3-ஐ −3 ஆக்கி வகுத்து −5 என்று எழுதும். இரண்டுமே சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்கின்றன. (எக்ஸுக்குப் பதில் 'க' போட்டிருக்கிறேன். எந்த எழுத்தானாலும் ஒன்றுதான் என்பது அவளுக்கும் தெரியட்டும்.)

நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் 3 கிலோ வாங்கினீர்கள், கூடவே 20 ரூபாய்க்குக் கொத்தமல்லி. மொத்தம் 200 ரூபாய். கிலோ என்ன விலை? மனக்கணக்காகவே சொல்லிவிடுவாள். அதோடு விடாமல், மனதில் செய்ததை எழுத வையுங்கள்.

3க + 20 = 200
இரு பக்கமும் 20 கழித்தால்: 3க = 180
இரு பக்கமும் 3 ஆல் வகுத்தால்: க = 60

ஏன் முதலில் 20? விலையை மூன்றால் பெருக்கி, கடைசியாகத்தான் 20 சேர்ந்தது. கடைசியில் வந்ததை முதலில் எடுக்கிறோம். முதலிலேயே வகுத்தாலும் விடை வரும், ஆனால் 20-ஐயும் 3 ஆல் வகுத்துப் பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். இன்னொன்று: 'க' கத்திரிக்காய் இல்லை, ஒரு கிலோவின் விலை. 3க-வை 'மூன்று கத்திரிக்காய்' என்று படிக்கிற பிள்ளை வாக்கியக் கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

சமக்குறியையும் கவனியுங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அதை 'விடை இங்கே' என்று படித்துப் பழகியதால், 200 − 20 = 180 ÷ 3 = 60 என்று ஒரே வரியில் ஓட்டிவிடுவார்கள். 180-ம் 60-ம் சமமா? 1557-ல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ்காரர் இந்தக் குறியைப் போட்டதே, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறில்லை என்று சொல்லித்தான். ஒரு வரிக்கு ஒரு சமக்குறி போதும்.

அப்புறம் வயசுக் கணக்கு. அப்பாவுக்கு மகனைப் போல மூன்று மடங்கு வயது. 12 வருடம் கழித்து இரண்டு மடங்கு.

3க + 12 = 2(க + 12)
3க + 12 = 2க + 24

பாதிப் பிள்ளைகள் இங்கே 2க + 12 என்று எழுதுவார்கள். அடைப்புக்குள் இருக்கும் இரண்டையும் பெருக்க வேண்டும். இரு பக்கமும் 2க கழித்து, 12-ஐயும் கழித்தால் க = 12. மகன் 12, அப்பா 36. பிறகு 24, 48. விடையை இப்படிக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கப் பழக்குங்கள், சரியா என்று உங்களிடம் கேட்க வரமாட்டாள்.

இரு பக்கத்தையும் தராசின் இரண்டு தட்டுகளாகக் காட்டும் உதாரணம் ஆரம்பத்துக்கு நல்லதுதான், மைனஸ் வந்ததும் படுத்துவிடும். அதனால் 5 − க = 2 மாதிரிக் கணக்கைக் கொஞ்ச நாள் கழித்துக் கொடுங்கள். அதில் முதல் படி இரு பக்கமும் க கூட்டுவது. எண்ணை மட்டும்தான் கூட்டிக் கழிக்கலாம் என்று நினைத்திருந்தால் அங்கே நின்றுவிடுவாள். அப்போது பக்கத்தில் உட்காருங்கள்.