கேளுங்கள், சொல்கிறேன்: அப்பாவின் இரட்டை இலை

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. இரட்டை இலையைத் தவிர வேறெதற்கும் ஓட்டுப் போட்டதே இல்லை என்கிறார். வேட்பாளர் யாரென்றுகூடக் கேட்க மாட்டார். இவரைப் போன்றவர்களிடம் பிரசாரம் செய்வது வீண்தானே?
– வாசகர், நிலக்கோட்டை

வீண் இல்லை. அப்பாவிடம் பிரசாரம் எப்போதோ தன் வேலையை முடித்துவிட்டது. உங்கள் பக்கத்துத் திண்டுக்கல்லில் 1973 மே மாதம் நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மாயத்தேவர் நின்ற இரட்டை இலை ஊருக்குப் புதுச் சின்னம். அவர் ஜெயித்தார், ஆளும் தி.மு.க. மூன்றாமிடத்துக்குப் போனது. கொள்கை விளக்கம் கேட்டு மனம் மாறிய கூட்டம் அது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். எம்.ஜி.ஆர். ரசிகர் மன்றத்துப் பையன்கள் ஏற்கெனவே 'நான் வாத்தியார் ஆளு' என்றுதான் ஊருக்குள் நடமாடினார்கள். அப்படி நடமாடியவன் எங்கே முத்திரை குத்த வேண்டும் என்று காட்டியதுதான் பிரசாரம்.

பிற்பாடு கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார் எம்.ஜி.ஆர். கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு கிளம்பியது. ஆனாலும் குத்திக்கொண்டார்கள். பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும் பெரியவர்கள் கையில் மங்கிப்போன அந்தக் கொடியை இப்போதும் பார்க்கிறேன். அவர்களிடம் போய் எதிர்க்கட்சி வேன் விலைவாசி பேசி என்ன ஆகப்போகிறது? 1984 தேர்தலின்போது எம்.ஜி.ஆர். நியூயார்க், ப்ரூக்ளின் மருத்துவமனையில் கிடந்தார். அவர் அங்கே இருக்கும் படத்தை ஊர் ஊராகத் திரையிட்டார்கள். தொகுதிப் பக்கமே வராமல் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார்.

அப்புறம் எதற்கு அப்பா தெருவுக்கும் வேன் வருகிறது என்பீர்கள். வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது மாதிரிதான் அது. பெயர் கூப்பிடாவிட்டால் வெயிலைப் பார்த்து வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்.

சரி, அப்பா கணக்கு ஓர் இடத்தில் இடிக்கிறது. 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலில் இரட்டை இலையே கிடையாது, கட்சி இரண்டாக உடைந்ததால் சின்னத்தை முடக்கிவிட்டார்கள். ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. அப்பா எதில் குத்தினார் என்று கேளுங்கள். 1996-ல் இலை இருந்தது. கிடைத்தது நான்கே இடம். அந்த வருஷம் மாற்றிப் போட்ட எத்தனையோ பேர் இன்றைக்கும் 'எப்பவும் இலைதான்' என்று சொல்கிறார்கள். பொய் சொல்வதாக அவர்களுக்கே தோன்றாது.

கேள்வி: 'உங்கள் ஊர்ப் பிள்ளை' என்று ஓட்டுக் கேட்டால் எடுபடுமா?
– வாசகி, சிவகாசி

உங்களுக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. காமராஜரைவிட ஊர்ப் பிள்ளை யார்? 1967-ல் தி.மு.க. ரூபாய்க்குப் படி அரிசி என்றது. இந்தி எதிர்ப்பு மாணவர்கள் தெருவில் நின்றார்கள். விருதுநகரில் மாணவர் தலைவர் சீனிவாசனிடம் காமராஜர் தோற்றார். இரண்டு வருஷம் கழித்து அவரை மக்களவைக்கு அனுப்பியது நாகர்கோவில்.