‘ஸ்மைல்’ இசைத்தட்டு: கேள்வி பதில்

அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழு 1966–67இல் பதிவு செய்து, பாதியில் கைவிட்டு, 2011இல்தான் முறையாக வெளியிட்ட ‘ஸ்மைல்’ ஆல்பத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

திருச்சி: முடியும் தறுவாயில் இருந்த ஆல்பத்தை ஏன் கைவிட்டார்கள்?

முடியும் தறுவாயில் இருந்தது என்பதே பிழை. ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்ற ஒரே பாட்டுக்காகக் குழுவின் இசையமைப்பாளர் பிரையன் வில்சன் 1966 பிப்ரவரியில் தொடங்கி ஏழு மாதங்கள் லாஸ் ஏஞ்சலிஸின் பல ஒலிப்பதிவுக் கூடங்களில் துண்டு துண்டாகப் பதிவு செய்து, பின்னர் நாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டி ஒரு பாட்டாக்கினார். அது பெரும் வெற்றி பெற்றதும் முழு ஆல்பத்தையும் அதே முறையில் செய்யத் துணிந்தார். கணினி இல்லாத காலத்தில், எந்தத் துண்டு எதற்குப் பின் வரவேண்டும் என்பதை நினைவிலேயே வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கோப்பது ஒரு மனிதரால் ஆகிற காரியமல்ல. இதற்கிடையே வான் டைக் பார்க்ஸ் எழுதிய பாடல்வரிகளுக்குப் பொருள் கேட்டுக் குழுவின் மைக் லவ் முரண்பட்டார், பார்க்ஸ் விலகினார், இசைத்தட்டு நிறுவனமான கேப்பிடலோடு ராயல்டி வழக்கு எழுந்தது, பிரையனின் மனநிலையும் தளர்ந்தது. 1967 மே மாதம் குழுவின் விளம்பரப் பொறுப்பாளர் டெரெக் டெய்லர் ஆல்பம் கைவிடப்பட்டதாக அறிவித்தபோது, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட உறைகள் அச்சாகிக் காத்திருந்தன. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து ‘இதுதான் காரணம்’ என்பவரை நம்பாதீர்கள்.

சேலம்: 1967இல் வந்திருந்தால் பாடல்வரிசை எப்படி இருந்திருக்கும்?

தெரியாது என்பதல்ல, அப்படி ஒரு வரிசையே இல்லை என்பதுதான் பதில். அச்சான உறையின் பின்புறத்தில் பன்னிரண்டு பெயர்கள் உள்ளன. சரியான வரிசைக்கு இசைத்தட்டின் லேபிளைப் பார்க்கவும் என்ற குறிப்பும் அங்கேயே உள்ளது. அந்த லேபிள் அச்சாகவே இல்லை.

புதுச்சேரி: தீ பற்றிய பகுதியின் நாடாக்களைப் பிரையன் கொளுத்திவிட்டாராமே?

இல்லை. 1966 நவம்பரில் வாத்தியக்காரர்களுக்குத் தீயணைப்பு வீரர்களின் பொம்மைத் தொப்பி அணிவித்து அதைப் பதிவு செய்ததும், அதையொட்டி அருகில் ஒரு கட்டடம் எரிந்ததாகக் கேள்விப்பட்டு அவர் அஞ்சியதும் உண்மை. நாடா மட்டும் பத்திரமாக இருந்தது; 2011 தொகுப்பில் கேட்கலாம். அவர் அஞ்சிய அந்தப் பகுதியை 2004இல் புதிதாகப் பதிவு செய்ததற்குத்தான் அவருக்குக் கிராமி விருது கிடைத்தது.

ஈரோடு: பெட்டியில் பூட்டியிருந்தது பூட்லெக்காக (அனுமதியின்றி அச்சிட்ட பதிவாக) எப்படி வெளியே வந்தது?

முழுவதும் பூட்டியிருக்கவில்லை. ‘கேபினெசன்ஸ்’ 1969இலும், ‘சர்ஃப்ஸ் அப்’ 1971இலும் வேறு ஆல்பங்களில் இடம்பெற்றன. அவை கிளப்பிய பசிக்கு 1980களில் சேகரிப்பாளர்களிடையே சுற்றிய கேசட்டுகளும், அவற்றிலிருந்து திருட்டுத்தனமாக அச்சிட்ட இசைத்தட்டுகளும், பின்னர் சிடிகளும் தீனி போட்டன. என்னிடம் இன்னும் அப்படியொரு கேசட் இருக்கிறது. பிரதியின் பிரதியின் பிரதி என்பதால் பாட்டுக்கு முன்னால் அடைமழைபோல இரைச்சல் வரும். ஓட்டவேகம் பிசகியதால் குரல்கள் அரைச் சுருதி ஏறியிருக்கும். அதன் அட்டையில் யாரோ பேனாவால் ‘ஒரிஜினல் ஆர்டர்’ என்று எழுதியிருக்கிறார். சேலத்து நண்பர் இதைக் கவனிக்க வேண்டும்: அது எழுதியவரின் ஆசையேயன்றி ஆவணமல்ல.

நெல்லை: எங்கே இலவசமாகத் தரவிறக்கலாம்?

அது என் துறையல்ல.

தஞ்சாவூர்: பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி இதில் காய்கறி மென்றாராமே?

1967 ஏப்ரலில் ‘வெஜிடபிள்ஸ்’ பாட்டின் ஒலிப்பதிவுக்கு அவர் வந்தது உண்மை. மென்ற கதையை அவரவர் விருப்பம்போல் நம்பலாம்.

மதுரை: பூட்லெக் என்பது திருட்டு. அதை ஏதோ தொண்டுபோல எழுதுகிறீர்களே? அது இல்லாவிட்டாலும் நிறுவனம் வெளியிட்டிருக்கும்.

திருட்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. வாசித்தவருக்கும் பாடியவருக்கும் அதிலிருந்து காலணா போகவில்லை. இரண்டாவது வாக்கியத்தைத்தான் ஏற்க இயலவில்லை. 1993இல் கேப்பிடல் வெளியிட்ட பெட்டித் தொகுப்பில் அரைமணி நேர அளவுக்கு ‘ஸ்மைல்’ பகுதிகள் இடம்பெற்றன. கேட்கக் காதுகள் காத்திருக்கின்றன என்பதைப் பத்தாண்டுகளாகப் பூட்லெக் சந்தை காட்டியிருந்தது. பிரையனின் பிற்கால இசைக்குழுவில் இருந்த டேரியன் சஹானஜா இந்தத் துண்டுகளில் ஊறிய ரசிகர். அவர் அவற்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டு பிரையனோடு உட்கார்ந்து கோக்க, பார்க்ஸ் விடுபட்ட வரிகளை எழுதித் தர, 2004 பிப்ரவரி 20 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் முழுப் படைப்பும் முதன்முறையாக மேடையேறியது.

மதுரை, மீண்டும்: அப்படியானால் 2011 வெளியீடு 2004இன் நகல்தானே? அதை எப்படி அசல் என்பது?

நல்ல அடி. வரிசையைப் பொறுத்தவரை, ஆம். 2011 தொகுப்பின் முதல் சிடி பெரும்பாலும் 2004இன் வரிசையைப் பின்பற்றியே 1966–67 நாடாக்களை அடுக்குகிறது. நான் அதை அசல் என்று எங்கும் எழுதவில்லை. ‘சர்ஃப்ஸ் அப்’ பாட்டையே பாருங்கள். முதல் பகுதியின் வாத்திய இசைமேல் பிரையன் அப்போது பாடி முடிக்காததால், 1971இல் தம்பி கார்ல் பாடினார். 2011இல் தொகுப்பைத் தயாரித்த மார்க் லினெட்டும் ஆலன் பாய்டும், பிரையன் தனியே பியானோவில் பாடிவைத்த பழைய பதிவிலிருந்து குரலை எடுத்து அந்த இசைமேல் பொருத்தினர். குரலும் அந்தக் காலத்தது, இசையும் அந்தக் காலத்தது. இரண்டும் சேர்ந்த நாள் மட்டும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. பூட்லெக்காரர் கத்தரித்து ஒட்டியதும் இதே வேலைதான். வேறுபாடு, இவர்களிடம் மூல நாடாவும் உரிமையும் இருந்தன, பிரையனின் ஒப்புதலும் இருந்தது.

கரூர்: அசல் பாடல்வரிசையைத் தர முடியுமா?

மேலே சேலத்துக்கு எழுதியதைப் படிக்கவும்.

நாகர்கோவில்: புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்? ஸ்டீரியோவா, மோனோவா?

2011 தொகுப்பின் முதல் சிடியிலிருந்து, மோனோவில், அதாவது இடம் வலம் பிரிக்காத ஒரே ஒலித்தடத்தில். பிரையனுக்கு வலது காது ஏறத்தாழக் கேட்காமல் இருந்தது. அவர் மனத்தில் இருந்த ஒலி மோனோதான். பிறகு ஒலிப்பதிவு அமர்வுகளைக் கேளுங்கள். இருபத்துநான்கு வயதுப் பையன், அனுபவம் மிக்க வாத்தியக்காரர்களை நிறுத்தி, ஒரு தாளத்தட்டைத் திருத்தி, மறுபடியும் வாசிக்கச் சொல்வதைக் கேட்கலாம்.

திண்டுக்கல்: 2011 வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. நானே துண்டுகளை மாற்றிக் கோத்து 1967 அசல் வரிசையை உருவாக்கியிருக்கிறேன். அனுப்பட்டுமா?

அனுப்புங்கள், கேட்கிறேன். கோப்பின் பெயரிலிருந்து ‘1967 அசல்’ என்பதை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.