ஃபாக்டோரியோ: பாய்லர் 12 இருந்தும் கரண்ட் படுத்துக்குது

சத்துவாச்சாரி நண்பருக்கு,

ஃபாக்டோரியோங்கற தொழிற்சாலை கட்டுற கம்ப்யூட்டர் கேம்ல உங்ககிட்ட பாய்லர் 12, ஸ்டீம் என்ஜின் 24, நிலக்கரிக்கு எலக்ட்ரிக் டிரில் 8, அதே பெல்ட்ல கல் உலை 24. ஆராய்ச்சி பண்ற லேப் ஓட ஆரம்பிச்சதும் எல்லாம் நொண்டுதுன்னு எழுதியிருக்கீங்க. பாய்லர் கூட்டாதீங்க, குறை நிலக்கரியில.

கணக்கு இதுதான். ஒரு பாய்லர் 1.8 மெகாவாட், ஒரு நிலக்கரி 4 மெகாஜூல். முழு லோடுல 12 பாய்லருக்கு நொடிக்கு 5.4 வேணும், உலைகளுக்கு இன்னும் 0.54. டிரில் ஒண்ணு தர்றது நொடிக்கு 0.5, ஆக உங்களுக்கு வர்றதே 4. கரண்ட் குறைஞ்சா டிரில்லும், நிலக்கரியை எடுத்துப் போடற கையான இன்சர்ட்டரும் மெதுவாகும், நிலக்கரி இன்னும் குறையும், கரண்ட் இன்னும் இறங்கும். நம்ம ஊர்ல கரண்ட் போனா ஈ.பி.க்கு போன் போடலாம், இங்க அதுவும் கிடையாது.

முதல்ல லேப்புக்கும், பொருள் செய்யற அசெம்ப்ளருக்கும் போற ஒரு கரண்ட் போஸ்ட்டைப் பிடுங்குங்க. ஒவ்வொரு பாய்லர்லயும் கையால பத்து நிலக்கரி போடுங்க. டிரில் வேகம் பிடிச்சதும் எண்ணிக்கையை 14 ஆக்குங்க. 12 போட்டா மயிரிழையிலதான் தாங்கும்.

பாய்லர் முன்னாடி கரண்ட்ல ஓடற மஞ்சள் இன்சர்ட்டரை எடுத்துட்டு, நிலக்கரியில ஓடற பர்னர் இன்சர்ட்டர் வைங்க. தனக்கு வேண்டிய நிலக்கரியை அதுவே எடுத்துக்கும், கரண்ட் செத்தாலும் நிக்காது. மெதுவானதுதான், ஆனா ஒரு பாய்லர் முழு லோடுல தின்கிறது நொடிக்கு 0.45 மட்டுமே, தாராளமா போதும்.

உலைக்குப் பிரியற இடத்துல, பெல்ட்டை ரெண்டாப் பிரிக்கற ஸ்ப்ளிட்டர் வெச்சு, அவுட்புட் பிரியாரிட்டியை பாய்லர் பக்கம் திருப்புங்க. போஸ்ட்டை க்ளிக் பண்ணினா வர்ற 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பட்டை முழுசா நிரம்பின பிறகு லேப்பைத் திரும்ப இணைங்க.