ஊற்றிய பின்னணியில் பறவை ஒட்டாமல் நிற்பது ஏன்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். கேன்வாஸில் நீலமும் பச்சையுமாக அக்ரிலிக் ஊற்றி, செல்கள் (வண்ணத்தில் தோன்றும் வட்ட வட்டக் குமிழ் வடிவங்கள்) நிறைய வரட்டும் என்று சிலிகான் எண்ணெயும் சேர்த்து ஒரு பின்னணி செய்தேன். ஐந்து நாள் கழித்து அதன்மேல் செம்மீசைச் சின்னான் பறவையையும் ரோஸ் நிற டபேபூயா பூக்களையும் வரைய உட்கார்ந்தால், சில இடங்களில் வண்ணம் பிடிக்காமல் விலகி ஓடுகிறது. பிடித்த இடத்திலும் பறவை ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் தனியாகத் தெரிகிறது. கேன்வாஸைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். வண்ணம் ஓடுவது எண்ணெயால் வந்த வினை, துடைத்தால் தீரும். ஸ்டிக்கர் போலத் தெரிவதற்குத்தான் நீங்கள் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

முதலில் எண்ணெய். செல்களை உண்டாக்கிய அதே சிலிகான், வண்ணம் காய்ந்த பிறகும் மேற்பரப்பில் மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. அதன்மேல் போடும் அக்ரிலிக் தண்ணீர் கலந்த வண்ணம் என்பதால் தாமரை இலைத் தண்ணீராகத்தான் நிற்கும். ஆனால் இப்போதே துடைக்கப் போகாதீர்கள். ஊற்றிய படலம் தடிமனானது. மேல்தோல் முதலில் காய்ந்துவிடும், உள்ளே இருக்கும் ஈரம் மெதுவாகத்தான் வெளியேறும். ஐந்து நாள் போதாது. வெயில் காலத்தில் இரண்டு வாரம், மழைக்காலத்தில் மூன்று வாரமாவது விடுங்கள். அவசரப்பட்டு ஹேர் டிரையர் காட்டினால் மேல்தோல் இன்னும் வேகமாக இறுகி வெடிப்பு விடும்.

காய்ந்ததும் சோளமாவைப் பரவலாகத் தூவி, சில மணி நேரம் எண்ணெயை உறிஞ்ச விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் துடையுங்கள். அடுத்து வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்து ஒரு நாள் உலர விடுங்கள். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துப் பாருங்கள். பரவினால் சரி, குமிழாகச் சுருண்டு நின்றால் மறுபடியும் துடைக்க வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பக்கம் போகவே வேண்டாம். அவை அக்ரிலிக்கையே கரைத்துவிடும். வண்ணத்தை இளக்கி ஊற்றக் கலக்கும் திரவமான மீடியத்துக்குப் பதிலாக மரவேலைக்கான வெள்ளைப் பசையைக் கலந்து ஊற்றியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. அந்தப் பசை காய்ந்தாலும் ஈரம் பட்டால் இளகக்கூடியது. எண்ணெய் போன பிறகு மேட் மீடியம் (பளபளப்பில்லாத மீடியம்) ஒரு கோட் பூசுங்கள். வழவழப்பு குறைந்து பிரஷ்ஷுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

இனி ஸ்டிக்கர் விஷயம். உங்கள் கேன்வாஸை மொபைலில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பாருங்கள். ஊற்றிய பின்னணியில் அடர்த்தியும் வெளிச்சமும் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் மாறிக்கொண்டிருக்கும், கண் எங்கே நிற்பது என்று தெரியாது. அதிலும் செல்கள் வட்டமானவை. பறவையின் கண்ணும் வட்டம். கண்ணுக்குப் பக்கத்தில் நான்கு செல்கள் இருந்தால் நான்கு போலிக் கண்கள்! செம்மீசைச் சின்னானுக்கு உச்சியில் கூரான கறுப்புக் கொண்டை, கண்ணுக்குப் பின்னே சின்னச் சிவப்புத் தீற்றல், அதன் கீழே வெள்ளைக் கன்னம். பின்னால் வெளிர் செல்கள் இருந்தால் அந்தக் கன்னம் காணாமல் போகும். கன்னம் போனால் பறவையின் அடையாளமே போய்விடும்.

அதனால் தயங்காமல் பின்னணியை அடக்குங்கள். எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் சரி, பறவையின் தலையைச் சுற்றியுள்ள பகுதியை அடர் நீலப்பச்சையால் இரண்டு மூன்று மெல்லிய பூச்சில் அமைதிப்படுத்த வேண்டும். ஒரு பங்கு வண்ணத்துக்குப் பத்துப் பங்கு கிளேசிங் மீடியம் (அடியிலிருப்பது தெரியும்படி வண்ணத்தை மெல்லியதாக்கும் திரவம்) போதும். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. பாதி காய்ந்த நிலையில் பிரஷ் பட்டால் கீழ்ப்பூச்சு பிய்ந்து வரும். செல்களைக் கேன்வாஸின் ஓரங்களில் விட்டுவையுங்கள், அங்கே அவை அழகு.

அடுத்தது விளிம்பு. சுற்றிலும் ஒரே கூர்மையில் கோடு ஓடினால் எந்தப் பறவையும் ஒட்டுப்படமாகத்தான் தெரியும். ஜனவரி, பிப்ரவரியில் டபேபூயா பூக்கும்போது கப்பன் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். கிளையில் உட்கார்ந்திருக்கும் சின்னானின் தலையும் அலகும் துல்லியமாகத் தெரியும், வயிறும் வாலும் நிழலோடு கலந்திருக்கும். படத்திலும் அப்படியே செய்யுங்கள். தலை, அலகு, கண் மூன்றுக்கும் கூர்மை. வயிற்றுப்பக்க விளிம்பை ஈரம் காயுமுன் உலர்ந்த பிரஷ்ஷால் நீவிவிடுங்கள். வால் காய்ந்ததும் அதன் நுனிமேல் பின்னணியின் நீலப்பச்சையையே ஒரு கிளேசாக, அதாவது அடி தெரியும் மெல்லிய பூச்சாக, ஓட்டுங்கள். அந்த ஒரு பூச்சில் பறவை படத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

பூவுக்கு வேறு கணக்கு. ரோஸ், மஞ்சள் வண்ணங்கள் பலவும் ஒளி ஊடுருவக்கூடியவை. நீலப்பச்சைமேல் நேராகப் பூசினால் ரோஸ் மங்கிச் சாம்பலாகும், மஞ்சள் பச்சையாகும். ஆகவே வெளிச்சம் படும் இதழ்களுக்கு மட்டும் முதலில் டைட்டானியம் வெள்ளையில் அடிப்பூச்சு கொடுங்கள். நிழல் பக்க இதழ்களுக்கு வெள்ளை வேண்டாம். அடியிலிருக்கும் நீலம் ரோஸுக்குள் கசிந்து, நீங்கள் கலக்காமலே மங்கிய ஊதா கிடைக்கும். இந்தப் பாணியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், பின்னணியே பூவுக்கு நிழலாகிறது. டபேபூயா இதழின் ஓரம் கசங்கியிருக்கும், தொண்டையில் மஞ்சள் இருக்கும். அந்த மஞ்சளை வெள்ளைமேல் கடைசியாக வையுங்கள். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி இருண்டுவிடும் என்பதால் வெளிச்சங்களை நீங்கள் நினைப்பதைவிடச் சற்றே வெளிறலாகக் கலக்க வேண்டும்.

அடுத்த முறை மேலே வரையப்போகும் கேன்வாஸுக்கு சிலிகானே வேண்டாம். டைட்டானியம் வெள்ளை கனமானது. அது கீழே இறங்க, இலேசான நிறங்கள் மேலெழும்பிச் சின்னச் செல்கள் தாமாகவே வரும். ஊற்றும் முன்பே பறவை உட்காரும் இடத்தைக் கேன்வாஸின் பின்புறம் பென்சிலால் குறித்துவைத்து, அந்த இடத்தில் ஒரே அடர்நிறம் தேங்கும்படி சாய்த்துக்கொள்ளுங்கள்.