வாசகர் கேள்வி – பதில்: புதிய மாடலா, பழகிய வண்டியா?

கேள்வி: ஆரையம்பதியில் வசிக்கும் நான், மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு மோட்டார் சைக்கிளில் சென்று வருகிறேன். 2012இல் வாங்கிய 100 சி.சி. வண்டி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் சற்று நீலப்புகை விடுகிறது. லீசிங்கில் புதிய இன்ஜெக்ஷன் (பெற்றோலை மின்முறையில் பீய்ச்சும்) மாடல் ஒன்றை எடுக்கலாம் என்றிருந்தேன். ஆனால் அதே மாடலை வாங்கிய சக ஆசிரியரின் வண்டி இருமுறை வழியில் நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?
– ஆசிரியர், ஆரையம்பதி

பதில்: புகை எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் நீலப்புகை தள்ளிவிட்டு ஓய்ந்துவிடுமானால், வால்வு சீல் இறுகிப்போய், மேலே தங்கிய ஒயில் உள்ளே கசிந்திருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். ஆளேற்றிக்கொண்டு முறுக்கும்போதும் புகைத்தால்தான் ரிங், பிஸ்டன் வரை யோசிக்க வேண்டும். சிலிண்டரைக் குடைந்து (‘போர்’ செய்து) புதிய பிஸ்டன் போட நேர்ந்தாலும் அந்தச் செலவு லீசிங் முற்பணத்துக்கு அருகில்கூட வராது. வண்டியின் பதிவுப் புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறது, கடனும் இல்லை என்றால் இவ்வளவுக்காக வண்டியைக் கைவிட வேண்டியதில்லை.

சக ஆசிரியரின் அனுபவத்தை வைத்து இன்ஜெக்ஷனையே குறை சொல்வதும் சரியல்ல. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்ததும், சிறிய வண்டிகளும், பெற்றோலைக் காற்றோடு கலந்து தரும் காபரேட்டரை விட்டு இன்ஜெக்ஷனுக்கு மாறின. இலங்கையிலோ அதே ஆண்டு மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இதனால் படிப்படியாக வந்திருக்க வேண்டிய மாற்றம் நம் ஊர்க் கராஜ்களுக்கு ஒரேயடியாக வந்து சேர்ந்தது. காபரேட்டரின் ஜெற்றைக் கழற்றி ஊதிப் பழகிய கைக்கு, ஸ்கேனர் இல்லாமல் வாசிக்க முடியாத கோளாறு ஒரு புதிர்தான்.

அதோடு நம் மண்ணின் உப்புக் காற்றும் சேர்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்றிருக்கும் எழுவான்கரையில், வயர் சொக்கட்டைக் கழற்றிப் பார்த்தால் பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதைக் காணலாம். உங்கள் பழைய வண்டி பற்றரி இறங்கினாலும் ஓர் உதையில் கிளம்பிவிடக்கூடும். இன்ஜெக்ஷன் வண்டியிலோ பெற்றோல் பம்புக்கே மின்சாரம் வேண்டும். ஆகவே யாராவது ஈசியூவை (இன்ஜெக்ஷனைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியை) மாற்றச் சொல்வதற்கு முன், பற்றரி முனை, எர்த் வயர், சொக்கட் ஆகியவற்றைச் சுத்தம் செய்து பார்க்குமாறு நண்பரிடம் சொல்லுங்கள். தாங்கியின் அடிமட்டம்வரை பெற்றோலை வற்றவிட்டு ஓடுவதையும் அவர் தவிர்க்கட்டும். அந்தப் பம்பைக் குளிர்விப்பதே பெற்றோல்தான்.

முதல் வருட மாடலை அவசரப்பட்டு வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கும் காரணம் உண்டு. 2020 நவம்பரில் மீற்றியோர் 350ஐ வெளியிட்ட றோயல் என்பீல்ட், அதையும் கிளாசிக், புல்லட் வண்டிகளையும் சேர்த்து 236,966 வண்டிகளை இக்னிஷன் கொயிலில் (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் பாகத்தில்) இருந்த குறைக்காக 2021 மே மாதத்தில் திரும்ப அழைத்தது. பெயர்பெற்ற நிறுவனத்துக்கும் இப்படி நேரும். பழைய வண்டியின் வால்வு சீல்களை மாற்றிக்கொண்டு ஒரு வருடம் ஓடுங்கள். பிறகும் புதியதுதான் வேண்டுமென்றால், பம்பும் சென்சரும் மட்டக்களப்பிலேயே கிடைக்குமா, கொழும்பிலிருந்து வர வேண்டுமா என்பதை விற்பனையாளரிடம் கேட்டுவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

கேள்வி: மாரி வெள்ளத்தில் வயல் வீதியைக் கடக்கும்போது எனது புதிய வண்டி நடுத்தண்ணீரில் நின்றது. பழையதில் இப்படி நடந்ததில்லை. புதிய மாடல் பலவீனமானதா?
– விவசாயி, சம்மாந்துறை

பதில்: மாடல் எதுவானாலும், காற்று இழுக்கும் வாய்க்கு மேல் தண்ணீர் ஏறினால் எஞ்சின் நிற்கும். அப்போது ஸ்டார்ட்டரை அமுக்கிக்கொண்டே இருப்பதுதான் பெருந்தவறு. உள்ளே புகுந்த தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் றொட்டே வளைந்துவிடலாம். மேட்டுக்குத் தள்ளிவந்து, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் அதை மாற்றாமல் ஓட்ட வேண்டாம்.

கேள்வி: ஒரே மாடலில் ஏபிஎஸ் பிறேக் உள்ளதற்கு விலை கூடுதலாக இருக்கிறது. அந்தப் பணம் வீணா?
– மாணவர், கல்முனை

பதில்: வீணல்ல. வண்ண மீற்றருக்கும் புதிய ஸ்டிக்கருக்கும் தரத் தயங்கும் பணத்தை நான் இதற்குத் தருவேன், ஏனெனில் மணல் பரவிய கடற்கரை வீதியில் மழை நேரத்தில் திடீரென்று பிறேக் பிடித்தாலும் சில்லு இறுகி வழுக்காமல் அது காக்கிறது. ஆனால் சிங்கிள் சனல் என்றால் அது முன்சில்லுக்கு மட்டுமே; பின்பிறேக்கை எப்போதும்போல் உங்கள் காலால்தான் அளந்து மிதிக்க வேண்டும்.